சவரிமுத்து திரும்பிப் பார்த்த நாள்

இதை நான் பல வருஷமாக முழுசாக நம்பவில்லை, தம்பி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பவில்லை என்பதற்காகப் பொய் என்று சொன்னேன் என்று ஆகாது. ஒரு நாளும் சொன்னதில்லை. இதை என்னிடம் சொன்னவள் அதோ, டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். பச்சைச் சேலை. வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். பார்க்கவில்லை. காற்றுக்கு முகத்தைக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். பெண்கள் சீட் என்று கண்டக்டர் என்னை எழுப்பி உங்கள் பக்கத்துக்கு அனுப்பிவிட்டார்.

உங்கள் போனை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தப்பாக நினைக்காதீர்கள். ஆரப்பாளையத்தில் பஸ் கிளம்பும்போது ஒரு படத்தைத் தொட்டீர்கள். சமயநல்லூர் தாண்டுவதற்குள் முழுசாக இறங்கிவிட்டது. நீங்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வேறு எதையோ தள்ளிக்கொண்டு போய்விட்டீர்கள். அதனால்தான் சொல்ல ஆரம்பித்தேன். திண்டுக்கல் வரைக்கும் நேரம் இருக்கிறது. தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

என் பேர் அருளப்பன். பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பர். உதிரி சாமான் கொடுக்கிற வேலை. என் ஸ்டோரில் ஒரு சட்டம் உண்டு. பழசைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தால்தான் புதுசு தருவேன். பல்பு வேண்டுமா, ஃபியூஸ் போன பல்பைக் கொடு. போல்ட்டு வேண்டுமா, உடைந்த போல்ட்டைக் காட்டு. சும்மா வந்து கையை நீட்டினால் கிடையாது. மெக்கானிக்குகள் திட்டுவார்கள். 'செத்தவனைத் தூக்கியாந்து காட்டினாத்தான் நம்ம ஸ்டோரு சவப்பெட்டி தருவாரு' என்று காதுபடவே பேசுவார்கள். பேசட்டும். என் ஸ்டோரில் இதுவரை ஒரு நட்டு குறைந்ததில்லை.

இன்னொரு பட்டப்பேரும் உண்டு, நாலு கண்ணு. எனக்குத் தூரத்துப் பார்வை சரியில்லை, கிட்டத்தில் நன்றாகத் தெரியும். அதனால் எதையாவது பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுவிடுவேன். பிறகு மறந்துவிடுவேன். அப்படியே கடைக்குப் போவேன், கோவிலுக்குப் போவேன். பூசை நடுவில் மதலை கையை நீட்டி இழுத்துவிடுவாள். மதலைமேரி, என் மனைவி. இப்போதும் அதைத்தான் செய்கிறாள். பார்வை இல்லை, ஆனாலும் நான் பேசாமல் இருந்தால் கை நேராக என் நெற்றிக்கு வரும். கண்ணாடி அங்கே இருந்தால் இறக்கிவிடுவாள். இல்லையென்றால் சும்மா தடவிவிட்டுப் போவாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

அவளுக்கு வந்தது கண்ணுக்குள் பிரஷர். உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் தெரிந்திருக்கும். பக்கவாட்டிலிருந்து இருட்டிக்கொண்டு வரும். முதலில் நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டாள். அப்புறம் பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிட்டாள். "கண்ணு எங்க இருக்கு" என்று நான் கேட்டேன். அப்போது தெரியாது. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "போனது போனதுதாங்க. இருக்கிறதைக் கொஞ்ச நாள் பிடிச்சு வைக்கப் பார்ப்போம். எவ்வளவு நாள்னு மட்டும் கேக்காதீங்க."

திரும்பி வரும்போது, இதே ரோட்டில், இதே மாதிரி பஸ்ஸில், எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். ஒரு வளையலுக்குள்ளே பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றாள். வளையல் வரவரச் சின்னதாகிறது என்றாள். "எதையாவது பாக்கணும்னு இருந்தா சொல்லு, கூட்டிட்டுப் போறேன்" என்றேன். வேளாங்கண்ணி என்பாள், கடல் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னாள்: "எங்க அப்பா மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாமலே போயிருவேன் போலங்க."

ஒரு பேச்சுக்குத்தான் சொல்லியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. நான் அதை இன்டென்ட் மாதிரி எடுத்துக்கொண்டேன். ஸ்டோருக்கு இன்டென்ட் வந்துவிட்டால் சரக்கைத் தேடி எடுத்துக் கொடுத்தாக வேண்டும் இல்லையா.

அவளுடைய அப்பா சவரிமுத்து, மேற்கே ஓர் அணை கட்டும்போது பாறைக்கு வெடி வைக்கிற வேலை பார்த்தவர். இவள் தவழ்கிற வயதில் அங்கேயே செத்துப்போனார். கல் சரிந்து முகம் தெரியாமல் போய்விட்டதாம். பெட்டிக்குள் ஒரு முகமாவது போகட்டும் என்று, இருந்த ஒரே கல்யாணப் போட்டோவை உள்ளே வைத்து மூடிவிட்டார் என் மாமியார். அதனால் வீட்டில் ஒரு படம் கிடையாது. மதலை வளர்ந்த பிறகு அம்மாவிடம் கேட்டால், "உன் அப்பா மாதிரி" என்று யாரையாவது காட்டுவாராம். ஒவ்வொரு தடவையும் வேறு யாரையாவது.

இவளுடைய சித்தப்பா மகன் ஒருவன், அமல்தாஸ், அப்போது குவைத்தில் இருந்தான். ஆஸ்பத்திரி விஷயம் கேள்விப்பட்டு, ஏதோ தேடியிருக்கிறான். ஒரு நாள் போன். "மச்சான், பெரியப்பா ஒரு படத்துல இருக்காரு." அணை கட்டும்போது ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் கையில் சினிமா கேமராவை வைத்துக்கொண்டு சுற்றுவாராம். அவர் எடுத்ததை அவர் நாட்டு நூலகம் ஒன்று யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறது. கூடவே படத்தில் யார் யார் என்று குறிப்பு. அதில், வெடி வைப்பவர், சவரி. "பேரே போட்டிருக்கான் மச்சான். ஆனா இங்க கேம்ப்ல டொரண்டைத் தடுத்து வச்சிருக்காங்க. நீங்கதான் வீட்டுல போட்டு இறக்கணும்." ஒரு சின்ன ஃபைலை மட்டும் மெயிலில் அனுப்பினான். சாவி மாதிரி அது. படம் அதில் இல்லை.

டொரண்ட் தெரியுமா உங்களுக்கு? இப்போது யார் போடுகிறார்கள். ஒரு படம் ஒரே இடத்திலிருந்து வராது. அதைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருப்பார்கள். உலகத்தில் யார் யாரிடம் எந்தத் துண்டு இருக்கிறதோ, அவர்களுடைய கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். பிரபலமான படம் என்றால் ஆயிரம் பேர் வைத்திருப்பார்கள், கொட்டும். அணை கட்டின படத்தை யார் வைத்திருப்பார்கள்? முழுசாக வைத்திருந்தவன் ஒரே ஒருவன். அவனும் எப்போதாவது வருவான், கொஞ்சம் கொடுப்பான், காணாமல் போவான். அப்புறம் என்னைப் போல் பாதியில் நிற்கிற இன்னொருவன். அவன் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு கொடி தெரியும், சிவப்பில் வெள்ளைக் கோடு. எந்த நாடோ. கொடிக்காரன் என்று பேர் வைத்தேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கம்ப்யூட்டர், டிப்போவில் கழித்ததை ஏலத்தில் எடுத்தது. சும்மா துணி போட்டு மூடி வைத்திருந்தோம். அதற்கு டெலிபோன் லைனில் இன்டர்நெட் வாங்கினேன். சாவியைப் போட்டேன். திரையில் ஒரு நீளக் கோடு வந்தது. காலியான கோடு. துண்டு வர வர நீலமாக நிறையும். நிறைந்து முடிந்தால் சவரிமுத்து வந்துவிடுவார். நான் நாற்காலியைப் போட்டு முன்னால் உட்கார்ந்தேன். மதலை பின்னால் கட்டிலில் உட்கார்ந்தாள்.

தம்பி, அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? நகர்கிற மாதிரி இருக்கும். நகராது. ஒரு சொட்டு நிறையும். அப்புறம் அரை நாள் சும்மா கிடக்கும். வளையல் அந்தப் பக்கம் சின்னதாகிக்கொண்டு வருகிறது. இங்கே கோடு நகர மாட்டேன் என்கிறது.

கோவில் தெருவில் முபாரக் என்று ஒருவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அவரிடம் போய் நின்றேன். அவர் கடையிலேயே போட்டு இறக்கித் தரச் சொன்னேன். "அண்ணே, இங்க டொரண்ட் போட்டா மத்த கேபின்ல இருக்கிறவன்லாம் எந்திரிச்சுப் போயிருவான். வீட்டுக்கு வர்றேன்" என்றார். வந்தார். திரையைப் பார்த்தார்.

"வேகம் எங்க போகுதுன்னு தெரியுமாண்ணே?"

"தெரிஞ்சா உங்களை ஏன் கூப்பிடறேன்?"

"இந்தக் கீழ் அம்பு, உள்ள வர்றது. இந்த மேல் அம்பு, உங்ககிட்ட வந்ததை நீங்க வெளிய அனுப்பறது. வந்த துண்டை வந்த சூட்டோட எவனுக்கோ குடுத்துக்கிட்டு இருக்கீங்க."

என்னைக் கேட்காமல் என் சரக்கு வெளியே போகிறதா? யாருக்குப் போகிறது என்று பார்த்தால், கொடிக்காரனுக்கு.

"நிறுத்துங்க" என்றேன்.

"கொஞ்சம் குறைச்சு வச்சா லைன் லேசாகும். முழுசா நிறுத்த வேணாம்."

"நிறுத்துங்க. பூஜ்யம் போடுங்க."

"பூஜ்யம் போட்டா கதவைத் திறந்துவிட்டேன்னு அர்த்தம் எடுத்துக்கும்ணே, இந்த சாஃப்ட்வேர் அப்படி. ஒண்ணு போடுறேன். இதுக்குக் கீழ கிடையாது." போட்டார். "என்னண்ணே, உங்க ஸ்டோர்ல இருக்கிற மாதிரியே பூட்டிட்டீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரன்தானே.

அன்றைக்கு வேகம் ஏறினது உண்மை. என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் இறங்கிவிட்டது. அதற்கடுத்த நாள் இன்னும் இறங்கியது. சரி, வேறு ஏதோ கோளாறு என்று தேட ஆரம்பித்தேன்.

என்னென்ன செய்தேன் என்று சொல்லட்டுமா? முபாரக்கைக் கூப்பிட்டு மோடத்தில் போர்ட் திறந்தேன். வெளியே இருந்து வருகிறவனுக்கு ஒரு வாசல் வைக்கிற மாதிரி அது. ஃபயர்வாலை எடுத்தேன். வைரஸ் தடுப்பை எடுத்தேன், வைரஸ் வந்தது, மறுபடி போட்டேன். டெலிபோனுக்கும் மோடத்துக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதை மாற்றினேன். அப்புறம் டெலிபோனையே கழற்றிவிட்டேன். சொந்தக்காரர்கள் எல்லாம் என்ன ஆச்சோ என்று பயந்து நேரில் வந்தார்கள். வந்தவர்கள் மதலையைப் பார்த்து அழுதார்கள். நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கரண்ட் கட் வேறு, பகலெல்லாம் மாறி மாறிப் போகும். கழித்த பஸ் பேட்டரி ஒன்றை ஏலத்தில் எடுத்து இன்வெர்ட்டரில் மாட்டினேன். வீட்டில் ஃபேன் ஓடாது, மோடம் ஓடும்.

கோடு பாதிக்கு மேல் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. முழுசு வைத்திருந்தவன் வருவதே இல்லை. ஆனால் கொடிக்காரன் இருந்தான். எப்போது திறந்தாலும் இருந்தான். அவனும் என்னைப் போலவே பாதிக்கு மேல் நிற்கிறான். முபாரக் ஒரு நாள் விரித்துக் காட்டினார். என்னிடம் இல்லாத துண்டு எல்லாம் கொடிக்காரனிடம் இருக்கிறது. அவனிடம் இல்லாதது எல்லாம் என்னிடம் இருக்கிறது. இரண்டு பேரையும் சேர்த்தால் படம் முழுசு. நான் நாற்காலியில் உட்கார்ந்து அவன் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருப்பதைக் கொடுத்தால் என்ன? அவனுக்கு என்ன குறைந்துவிடும்? ஒரு பொம்பளைக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, அவள் அப்பாவைப் பிடித்து வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறானே, இவன் என்ன மனுஷன். எத்தனை நாள் அவனைத் திட்டியிருப்பேன். அவனுக்குக் கேட்குமா.

அமல்தாஸிடமும் சொன்னேன். அவன், "மச்சான், நீங்க வெளிய அனுப்பறதை அடைச்சு வச்சிருக்கீங்களா?" என்றான்.

"ஆமா. ஒண்ணுலதான் வச்சிருக்கேன். ஒரு பொட்டு போகாது."

"அப்புறம் எப்படித் தருவான்? நீங்க குடுத்தாத்தான் அவன் குடுப்பான். அப்படித்தான் அதைச் செஞ்சிருக்காங்க."

"ஏண்டா, அது மிஷினு. நான் குடுக்கறேனா இல்லையான்னு அதுக்கு என்ன தெரியும்? முதல்ல எனக்கு வந்து முடியட்டும். அப்புறம் அவனுக்கு முழுசா அனுப்பறேன். நான் என்ன ஓடியா போயிருவேன்?"

"அதையே அவனும் நினைச்சா?"

குவைத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுவது சுலபம். அவன் இந்த லைனைப் பார்த்தானா, கரண்ட் கட்டைப் பார்த்தானா. போனை வைத்துவிட்டேன். மோடத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவுக்கு வந்தேன்.

மதலை அந்த நாளெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, தம்பி. இருந்தாள். சமையலைத் தடவித் தடவி முடித்துவிட்டு வந்து கட்டிலில் உட்காருவாள். நான் டிப்போவிலிருந்து வந்ததும் நாற்காலிக்குப் போய்விடுவேன். அவள் பின்னாலிருந்து கூப்பிடுவாள்.

"என்னங்க."

"ம்."

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்களேன்."

"இரு, ஓடுது."

"ஓடட்டும். சும்மா ஒரு தடவை திரும்புங்க."

"எதுக்கு?"

"எதுக்கோ. காதோரம் நரைச்சிருக்கு உங்களுக்கு. அங்க மட்டும்தான் தெரியுது எனக்கு."

"நரைச்சா நரைக்கட்டும். உனக்காகத்தான உக்காந்திருக்கேன்?"

அவளுக்காகத்தானே உட்கார்ந்திருந்தேன். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அப்போது காதோரம் மட்டும்தான் நரை. இப்போது பாருங்கள், ஒரு கறுப்பு முடி கிடையாது. அது அவளுக்குத் தெரியாது.

ஐப்பசி மழை பிடித்தது. கம்பத்தில் ஒயர் நனைந்து லைன் அறுந்து அறுந்து வந்தது. லீவு போட்டுவிட்டு டெலிபோன் ஆபீசுக்குப் போனேன். லைன்மேன் வெளியே போயிருக்கிறார், உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தேன். வந்தவர் தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்து, "உங்க தெருவுல எல்லாருக்கும் பேச்சு கேக்குதுல்ல, உங்களுக்கு மட்டும் என்ன சார் அவசரம்?" என்றார். "என் மாமனார் வர வேண்டியிருக்கு" என்றேன். வாயில் வந்துவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மாமனார் போன்லயா வர்றாரு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு அவர் வரவில்லை.

வீட்டுக்குப் போனால் மதலை என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. கரண்ட் வந்தால் எதைத் தட்ட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன், நான் இல்லாதபோது ஓட்டட்டும் என்று.

"பாத்துட்டேங்க" என்றாள்.

"எதை?"

"அப்பாவை."

நான் குடையைக்கூட மடக்கவில்லை. எப்படி என்று கேட்டேன். பாதியிலேயே திறந்து பார்க்கலாம் என்று முபாரக் ஒரு நாள் சொன்னது ஞாபகம் வந்ததாம். திறந்தாளாம். முதலில் பச்சைப் பச்சையாகக் கட்டம் கட்டமாக வந்ததாம். அப்புறம் தெளிந்ததாம். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், எனக்கு ஒரு வார்த்தை மாறாது.

"முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் இருந்தார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். எதையோ உத்துப் பாத்துக்கிட்டு. திரும்பவே மாட்டார் போலன்னு நினைச்சேன். அப்புறம் யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பினார். கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டிருந்தார். காதோரம் நரை. யாரு கூப்பிட்டான்னு தெரியாம கண்ணைச் சுருக்கினார். அப்புறம் என்னைப் பாத்துட்டார். பாத்ததும் சிரிச்சார். நல்லா வளையலுக்குள்ள வந்து நின்ன மாதிரி இருந்துச்சுங்க, முழு மூஞ்சியும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். போதுங்க. ஆஃப் பண்ணிருங்க. இனிமே இது வேணாம்."

என் கையைப் பிடித்து எழுந்தாள். சட்டை நனைந்திருந்தது. துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினாள்.

அவள் அடுப்படிக்குப் போனதும் நான் கோட்டைப் பார்த்தேன். அதே இடம். காலையில் எங்கே விட்டுப் போனேனோ அங்கேயே. படத்தைத் திறந்தேன். பச்சைக் கட்டம். ஒரு லாரி சத்தம். பச்சைக் கட்டம். ஏதோ ஒரு கறுப்பு, மனுஷனா பாறையா தெரியவில்லை. கடைசி வரைக்கும் தெளியவே இல்லை. அவள் பார்க்கும்போது தெளிந்ததாம்.

அன்றைக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சவரிமுத்து சாகும்போது முப்பதைத் தொட்டிருந்தால் அதிகம். அவருக்குக் காதோரம் நரையா? சரி, பாறை உடைக்கிற இடம், தூசி படிந்திருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். வெடி வைக்கிறவருக்கு எதற்குக் கண்ணாடி? சரி, தூசிக்குக் கண்ணாடி போடுவார்கள், டிப்போவில் வெல்டிங் செய்கிறவன் போடுகிறானே. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். பதில்தான் நிற்கவில்லை.

கேட்டிருக்கலாம். 'நீ நிஜமாகப் பார்த்தாயா' என்று ஒரு வார்த்தை. ஆனால் கேட்டு, அவள் 'இல்லை' என்று சொல்லிவிட்டால்? மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும். எனக்குச் சக்தி இல்லை, தம்பி. பார்த்தேன் என்று அவள் சொன்னது எனக்கு விடுதலை மாதிரிதான் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடினேன். கொடிக்காரன் என்ன ஆனான் என்று தெரியாது. அவனிடமும் அந்தப் படம் பாதியில்தான் நின்றிருக்கும், பாவம். அதன் பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர், கோயம்புத்தூர், மெட்ராஸ் என்று அலைந்தேன். பஸ்ஸில் அவள் என் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருப்பாள். நான் ரிப்போர்ட்டைப் படித்துக்கொண்டிருப்பேன். கிறிஸ்துமஸுக்கு வாசலில் நட்சத்திரம் கட்டினபோது வெளிச்சம் தெரிகிறது என்றாள். தவக்காலம் வரும்போது அதுவும் இல்லை.

அப்பாவைப் பார்த்த கதையை அவள் எல்லாரிடமும் சொல்வாள். சொந்தக்காரர்கள், பங்குச் சாமியார், ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்காருகிறவர்கள். ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. நெற்றியில் கண்ணாடி, காதோரம் நரை, திரும்பினார், சிரித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஆமாம் என்றும் சொல்ல மாட்டேன். இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

கொடைரோடு தாண்டிவிட்டோமா? சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நாங்கள் தோமையார்புரத்தில் இறங்க வேண்டும்.

அமல்தாஸ் இப்போது குவைத்தை விட்டு ஊரோடு வந்துவிட்டான். நேற்று சாயங்காலம் போனில் எதையோ அனுப்பினான். "மச்சான், அந்தப் படம் இப்ப நெட்டுல சும்மாவே கிடக்கு. இந்தாங்க." தொட்டேன். வந்துவிட்டது. எந்தப் போர்ட்டும் இல்லை, கொடியும் இல்லை. உங்களுக்கு வந்த மாதிரி. நான் எதை நிறைக்க ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேனோ அது, டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது.

மதலை அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். லாரி வருகிறது. மண் சுமக்கிற பெண்கள் வரிசையாகப் போகிறார்கள். இன்ஜினியர்கள் சிகரெட் பிடிக்கிறார்கள். அப்புறம் பாறை. எழுத்து வருகிறது, சவரி என்று. தலையில் துண்டை முண்டாசாகக் கட்டி, காதை மூடி இழுத்துவிட்டிருக்கிற ஒரு ஆள். முதுகு. குனிந்து திரியைப் பற்ற வைக்கிறார். முதுகு. குனிந்தபடியே பாறைக்கு அந்தப் பக்கம் ஓடுகிறார். வெடிக்கிறது. திரை முழுக்கத் தூசி. தூசி அடங்கும்போது வேறு இடத்தைக் காட்டுகிறார்கள்.

அவர் திரும்பவே இல்லை, தம்பி.

மறுபடி ஓட்டினேன். மறுபடி. திரும்பவில்லை. கண்ணாடி இல்லை. துண்டுக்கு வெளியே ஒரு முடி தெரியவில்லை. துண்டு எல்லாம் வந்து சேர்ந்து, ஒரு பச்சைக் கட்டம்கூட இல்லாமல், முழுப் படத்திலும் சவரிமுத்துவுக்கு முகமே இல்லை. அன்றைக்கு நான் ஜெயித்திருந்தால் இந்த முதுகைத்தான் அவளுக்குக் காட்டியிருப்பேன். அவள் அந்த நாளெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து பார்த்ததும் ஒரு முதுகைத்தான்.

அது வரைக்கும்தான் யோசித்தேன். மேலே யோசிக்கப் பயமாக இருந்தது.

கீரைக் காம்பு கையில் ஒட்டியிருக்க அவள் எழுந்து வந்தாள். "என்ன, சத்தமே இல்லை? என்ன பாக்கறீங்க?" என்றாள். வழக்கம்போலக் கை நேராக என் நெற்றிக்கு வந்தது. கண்ணாடி அங்கேதான் இருந்தது. போனைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன் இல்லையா, ஏற்றிவிட்டிருக்கிறேன். "இன்னும் நெத்தியிலதான்" என்று இறக்கிவிட்டாள். அப்புறம் விரலை எடுக்காமல் அப்படியே காதோரம் கொண்டுபோனாள். அந்த இடத்தில் மெதுவாக ஒரு தடவு. அங்கே மட்டும்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். திரும்பி, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்:

"மதலை, அன்னிக்கு நீ பாத்தது யாரை?"